அண்ணி போட்ட கஷாய வேலி

என் கணவரின் அக்காவை எனக்குப் பிடிக்காது என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பதால் மறுக்கவும் முடியாது. கல்யாணம் ஆன புதிதில் நான் ஒரு தும்மல் போட்டால் போதும், அண்ணி டம்ளரோடு எதிரே வந்து நிற்பார். இஞ்சி, மிளகு, அதிமதுரம், அதற்கு மேல் அவருக்கு மட்டுமே தெரிந்த சில வேர்கள். குடித்து முடிக்கும்வரை இடத்தைவிட்டு நகர மாட்டார். முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். “இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு?” என்று கேட்டால், “இருக்க வேண்டியது இருக்கு, வேணுங்கற அளவு இருக்கு, வாயைத் திற” என்பார். இப்படிப்பட்ட ஒருவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

அண்ணி சந்தை முனையில் மூலிகைக் கடை வைத்திருந்தார். சந்தையில் அவருக்குக் கசப்பக்கா என்று பெயர். மரங்களில் இலை பழுத்து, காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படிய ஆரம்பித்ததும் அவர் கடைக்கு முன்னால் வரிசை நீளும். இருமுகிறவர்கள், மூக்கைச் சிந்துகிறவர்கள், இன்னும் வராத சளிக்குப் பயந்து முன்கூட்டியே வந்தவர்கள். எல்லாருக்கும் ஒரு பொட்டலமும் கூடவே இலவசமாக ஒரு திட்டும் கிடைக்கும். “ராத்திரி பூரா போனைப் பாத்துட்டுக் கண்ணு முழிப்ப, எதிர்ப்புச் சக்தி மட்டும் என் கடையில வந்து வாங்குவியா? முதல்ல போய்த் தூங்கு” என்பார். திட்டு வாங்கவே வருகிறவர்களும் இருந்தார்கள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கத்தரிக்கோல் பிடித்த கை நாளாக நாளாக வீங்கி, விரல் வளையத்துக்குள் நுழையாமல் போனது. மாற்று சிறுநீரகம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அண்ணியே தன் பரிசோதனைகளையெல்லாம் முடித்துக்கொண்டு வந்து நின்றார். “என்கிட்ட ரெண்டு இருக்கு, அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?” என்றார். என் கணவர் அழுதார். அண்ணி அவர் தலையில் ஒரு குட்டு வைத்து, “அழாதடா, எனக்கும் அழுகை வரும்” என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“நம்ம உடம்புல ஒரு காவல் இருக்கு. வெளியாள் யார் நுழைஞ்சாலும் அடிச்சு விரட்டும். உங்க அக்கா குடுத்த சிறுநீரகமும் அதுக்கு வெளியாள்தான். அதனால மாத்திரை குடுத்து அந்தக் காவலைத் தூங்க வச்சிருக்கோம். அது தூங்கற வரைக்கும்தான் இந்தச் சிறுநீரகம் வேலை செய்யும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டறோம்னு யாராவது எதையாவது குடுத்து அதை எழுப்பிடாதீங்க. சில மூலிகை, மாத்திரையோட வேலையையே கெடுத்துடும்.”

நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் அண்ணியைப் பார்த்தோம். பிறகு அப்படிப் பார்த்ததற்காக ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

“என் கடையில இருக்கறது பூரா எழுப்பற சரக்குதாங்க” என்றார் அண்ணி.

“அப்போ அது கடையிலேயே இருக்கட்டும்மா. அதோட, காவல் தூங்கறதால சாதாரண சளிகூட இவருக்குப் பெரிய விஷயம். வரப்போறது இலையுதிர் காலம். இதைத் தாண்டறதுதான் இப்ப முக்கியம்.”

வீட்டில் ஒரு சண்டை உறுதி என்று நினைத்தேன். ‘டாக்டருக்கு என்ன தெரியும்’ என்று அண்ணி தொடங்குவார், நான் பதில் சொல்வேன், என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பார் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவைத்திருந்தேன். அண்ணி வந்தார். தையல் போட்ட வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்குள் நுழைந்தார். இத்தனை வருடமாக அவரே கொண்டுவந்து நிரப்பிய ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இஞ்சி ஊறிய தேன், டீத்தூளில் கலந்து வைத்த பொடி, குளிக்கிற தண்ணீரில் போடும் இலை, எல்லாமே பைக்குள் போயின. கடைசியில் படுக்கையறைக்குப் போய்த் தம்பியின் தலையணையை முகர்ந்து பார்த்து, அதையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் காய்ந்த பூ வைத்துத் தைத்திருந்தது எனக்கே தெரியாது.

“வேற எங்கயாவது வச்சிருக்கனா?” என்று என்னைக் கேட்டார். அவர் வைத்ததை நான் எப்படிச் சொல்ல? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து என் ஒத்திகை வசனம் எல்லாம் மறந்துபோனது.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. அண்ணி கொண்டுவந்த ஒழுங்கு. செருப்பு வாசலோடு நிற்கும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் நேராகக் குழாயடி, சோப்பு, பிறகுதான் பேச்சு. காலையில் எல்லா ஜன்னலும் திறக்கும். பூங்காவில் ஆள் சேர்வதற்கு முன்னால் தம்பி ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும். மாத்திரை வேளை தப்பாது, தூக்கமும் வேளை தப்பாது. கடைத் தூசி உடுப்பில் ஒட்டியிருக்குமே என்று, அண்ணி வரும்போதெல்லாம் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வந்தார். இதெல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான். ஆனால் சொன்னதைக் கேட்டுக்கொள்வது வேறு, கண்ணில் விரலை விட்டு ஆட்டி அத்தனை பேரையும் செய்யவைப்பது வேறு.

சிக்கல் வீட்டுக்கு வெளியே இருந்தது. நாங்கள் இருப்பது குறுகலான படிக்கட்டு உள்ள பழைய குடியிருப்பின் இரண்டாவது மாடி. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பார்கள். இலை உதிரத் தொடங்கியதும் கட்டடம் முழுக்க அந்தப் பழைய கச்சேரி ஆரம்பித்தது. கீழ்வீட்டில் கரகரப்பு, எதிர்வீட்டில் தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் நான் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். கதவை எத்தனை நாள்தான் சாத்தி வைக்க முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கட்டட வாசலில் ஒரு மேசை முளைத்திருந்தது. மேசைமேல் பெரிய பாத்திரம், அதில் ஆவி பறக்கும் கஷாயம். பின்னால் அண்ணி.

“இங்க என்ன அண்ணி பண்றீங்க?”

“அவனுக்குத்தானே குடுக்கக் கூடாது? அவனைச் சுத்தி இருக்கறவங்களுக்குக் குடுக்கலாம்ல. இவங்களுக்குச் சளி வரலேன்னா அவனுக்கு யாரு தருவா?”

வேலி என்றால் வீட்டைச் சுற்றிப் போடுவார்கள். அண்ணி ஆட்களைச் சுற்றிப் போட்டார். கஷாயத்துக்கு அந்தச் சக்தியெல்லாம் உண்டா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்த மேசையின் சூட்சுமம் புரிந்தது. கஷாயம் வேண்டும் என்றால் முதலில் பக்கத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிய லட்சணத்தை அண்ணி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “விரலுக்கு நடுவுல யாரு கழுவுவா, உன் மாமியாரா?” என்பார். பிறகு நேற்றைக்கு எத்தனை மணிக்குப் படுத்தாய், இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று விசாரணை. இருமல் இருக்கிறவர்களுக்கு டம்ளரோடு உத்தரவும் போகும்: “படியில யாராவது வந்தா ஒதுங்கி நில்லு, வாயை மூடி இருமு, ரெண்டாவது மாடிப் பக்கம் எட்டிப் பாக்காத.” நான் போய் இதையே சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். கையில் சூடாக டம்ளரை வைத்துக்கொண்டு சொன்னதால் எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த மேசை வாசலுக்கு வந்தது.

அதற்கடுத்த வாரம் சுகாதார நிலைய நர்சைக் கூட்டிவந்து அந்த மேசை பக்கத்திலேயே உட்காரவைத்தார், சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட. ஊசி என்றாலே கேலி பேசிய வாய் அண்ணியின் வாய். அன்று முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “கசப்பக்காவே ஊசி போட்டுக்கிச்சே!” என்று கீழ்வீட்டுக்காரர் கூவினார். அவரைப் பிடித்து அடுத்து உட்காரவைத்தார்கள். முப்பது வருடமாகச் சொல்லிவந்ததைத் தம்பிக்காக ஒரே காலையில் நடுத்தெருவில் வைத்து மாற்றிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. அன்றைக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை, சொன்னால் என் பெயர் என்னாவது?

இருமல் குறைந்ததோ என்னவோ, படிக்கட்டு அமைதியானது. என் கணவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கன்னத்தில் சதை பிடித்தது. இனி கடையைத் திறந்துவிடலாம் என்று கண்ணாடி முன்னால் நின்று கத்தரிக்கோலைக் காற்றில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். மறுநாளே டாக்டரம்மா கூப்பிட்டு உடனே வந்து சேரச் சொன்னார். மாத்திரையின் அளவு ரத்தத்தில் பாதியாக இறங்கியிருந்தது. காவல் கண் விழித்துவிட்டது. சிறுநீரகத்தை அடிக்க ஆரம்பித்திருந்தது.

செய்தி கேட்டு அண்ணி கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் என் கணவருக்குக் கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“மாத்திரையை ஒரு வேளைகூட விடலைன்னு சொல்றீங்க. அப்போ வேற ஏதாவது சாப்பிட்டாரா? கஷாயம், பொடி, எதுவானாலும் சொல்லுங்க” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்லவே இல்லை” என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“கஷாயம் குடிச்சிருக்கான். நான்தான் குடுத்தேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்.”

“அதுல எது மாத்திரையைக் கெடுத்திருக்கும்னு ஏதாவது யோசனை இருக்கா?”

“தெரியலைங்க” என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. கடையிலிருந்து அப்படியே தோளில் மாட்டிவந்த சரக்குப் பையைத் திறந்து, கஷாயத்தில் போடும் அத்தனை சரக்கையும் மேசைமேல் எடுத்து வைத்தார். “எல்லாத்தையும் பாருங்க. எனக்கு நிஜமாவே தெரியலை.”

அறைக்கு வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நடைவழியில் ஆட்கள் நிற்கிறார்கள், நர்சுகள் போகிறார்கள், எதுவும் கண்ணில் படவில்லை.

“உங்க கொழுப்புக்கு அளவே இல்லையா? ஊருக்கே ஊத்தினது பத்தாதுன்னு அவருக்கும் ஊத்தினீங்களா? நீங்க குடுத்ததை நீங்களே திருப்பி எடுத்துக்கறீங்களா? அவருக்கு ஏதாவது ஆச்சு, இந்த ஜென்மத்துல உங்க முகத்துல முழிக்க மாட்டேன்!”

இன்னும் பேசினேன், எழுத முடியாததையெல்லாம் பேசினேன். அண்ணி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டார். கண்ணீர் விடவில்லை, கையைப் பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “சரி, உள்ள போ, அவன் தனியா இருக்கான்” என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அண்ணி காலையும் மாலையும் வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். உள்ளே வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, வாருங்கள் என்று நானும் கூப்பிடவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். எங்கள் இரண்டு பேர் காதும் அவர் சொல்லும், ரத்தத்தில் சேர்ந்த கழிவின் எண்ணுக்காகத்தான் காத்திருந்தன. முதலில் எண் இறங்கவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். ஒருநாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்து, “பிழைச்சுக்கிச்சு. உங்க சிறுநீரகம் பிடிவாதக்காரிதான்” என்று அண்ணியிடம் சொன்னார். அப்போதுதான் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே என் கணவர் சொன்னார்:

“அக்கா குடுக்கலை.”

“என்ன?”

“கஷாயம். அக்கா எனக்குக் குடுக்கலை. நான்தான் மேல்வீட்டு மாமாகிட்ட கேட்டு வாங்கினேன்.”

மேல்வீட்டு மாமா ஓய்வு பெற்ற தபால்காரர். யாரும் உள்ளே வரக் கூடாது என்பதால், படித்து முடித்த பத்திரிகையைத் துணிப்பையில் போட்டுத் தன் பால்கனியிலிருந்து கயிறு கட்டி எங்கள் பால்கனிக்கு இறக்குவார். தபால்காரப் புத்தி போகுமா? அந்தப் பையில்தான் மூடிபோட்ட டம்ளரும் இறங்கியிருக்கிறது, நான் வேலைக்குப் போன பிறகு.

“ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். கட்டடமே என் அக்கா கையால குடிக்குது. எனக்காகத்தான் அத்தனையும் பண்ணுது, எனக்கு மட்டும் கிடையாது. வாசனை மேல வரும். சின்னப் பிள்ளையில இருந்து குடிச்சதும்மா. ஒரு டம்ளர்ல என்ன ஆகிடும்னு நினைச்சேன்.” பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “அக்கா சொன்னப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும். உன்னைப் பாக்கப் பயமா இருந்துச்சு.”

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சந்தை வரை எப்படிப் போனேன் என்று தெரியாது. கடைக்கு முன்னால் வழக்கமான வரிசை. அதைப் பிளந்துகொண்டு போய் நின்றேன். அண்ணி அதிமதுரத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியும்தானே? ஆஸ்பத்திரியிலேயே தெரியும்தானே?”

அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “சொல்லிட்டானா? டாக்டர் கேட்டப்பதான் எனக்கே உறைச்சுது. மாமா தினமும் ரெண்டாவது டம்ளர் வாங்கினாரு. நம்ம கைப்பக்குவம் மனுஷனுக்குப் பிடிச்சிருச்சுன்னு நானும் குளுந்துபோய் ஊத்தினேன்.”

“அப்புறம் எதுக்கு நீங்க குடுத்ததா சொன்னீங்க?”

“ஊத்தினது என் கைதானே?”

“மழுப்பாதீங்க அண்ணி. அத்தனை பேச்சு பேசினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். “அவன் திருட்டுத்தனமா குடிச்சான்னு தெரிஞ்சா உனக்கு அவன்மேல கோவம் வரும். உசிருக்குப் போராடறவனைத் திட்ட முடியுமா? உள்ளேயே வச்சுக்கிட்டு, சோறு தண்ணி எறங்காம, எங்கயாவது மூலையில போய் அழுதிருப்ப. அப்புறம் நீயும் படுத்துக்குவ. அவனை யாரு பாக்கறது? என்மேல கோவம்னா கத்துவ. உனக்குக் கத்தினாத்தான் பசிக்கும்.”

உண்மைதான். அன்று அவரை நடைவழியில் நிறுத்தித் திட்டித் தீர்த்த பிறகு, கீழே உணவகத்துக்குப் போய்த் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் அத்தனை நாளும் கால் தள்ளாடாமல் நிற்க முடிந்தது. எந்த அளவுகோலும் இல்லாமல் இந்த மனுஷி என்னை எப்படி அளந்துவைத்திருந்தார்?

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் மேலெல்லாம் இஞ்சி வாசனை. வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக அழுதேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அண்ணி என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“போதும், போதும். சாப்பாட்டுல இருந்து எழுந்து வந்திருக்க போல. கையெல்லாம் சோறு. பசிக்குதா?”

பசித்தது.